முந்தினால் பணம் போகும்; பிந்தினால் இடம் போகும்!

பிளஸ் 2 தேர்வு முடிந்த வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது. தனியார் பல்கலைக்கழகம் முதல் சுற்றிலேயே ஒதுக்கிய இடத்துக்குப் பணம் கட்டிவிடுவதா, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் முடிவு வரும்வரை காத்திருப்பதா? மாணவரின் விருப்பத்தைப் பொருத்ததுபோல் தோன்றும் இக்கேள்விக்கு, பெரும்பாலான குடும்பங்களில் விடை சொல்வது வங்கிக் கணக்கில் உள்ள இருப்புதான்.

தனியார் மற்றும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் பிளஸ் 2 தேர்வுக்கு முன்பே விண்ணப்பங்களைப் பெற்று, சுற்றுச் சுற்றாக இடங்களை ஒதுக்குகின்றன. இடம் பெற்றவர் குறித்த நாளுக்குள் பணம் கட்டி அதை உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அரசின் சேர்க்கையோ இதற்குப் பின்னரே சூடு பிடிக்கிறது. "க்யூட்" எனப்படும் பொது நுழைவுத் தேர்வு மே மாதத்தை ஒட்டி நடக்கிறது. முடிவு வெளியாக ஜூலை ஆகிவிடுகிறது. கல்லூரி ஒதுக்கீடு அதற்கும் பிறகுதான்.

வசதி படைத்த குடும்பத்துக்கு இதில் சிக்கல் இல்லை. முதல் சுற்றில் ஓரிடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் முன்னதை உதறிவிடலாம். கட்டிய பணம் தாமதமாகத் திரும்பினாலும், திரும்பாமலே போனாலும் பாதிப்பில்லை. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பணம் கட்டும் குடும்பத்தின் நிலை வேறு. அந்தப் பணம் முடங்கினால், பின்னர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் விடுதிக் கட்டணத்துக்குக் கையில் காசு இருக்காது. பணம் கட்டாமல் காத்திருந்து மதிப்பெண் குறைந்துவிட்டால் இரண்டு கதவுகளும் மூடிவிடும். ஆக, முதல் சுற்று என்பது வசதி உள்ளவர் வாங்கும் காப்பீடு. வசதி இல்லாதவர் ஆடும் சூதாட்டம்.

இந்த நிலைக்குத் தனியார் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மாணவர்களை முதல் சுற்றை நோக்கித் தள்ளுவதில் மத்திய அரசின் தாமதத்துக்கும் பெரும் பங்கு உண்டு. க்யூட் தேர்வு அறிமுகமான 2022-ல் முடிவு வெளியானது செப்டம்பர் 16-ம் தேதி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்புகள் நவம்பர் 2-ம் தேதிதான் தொடங்கின. 2024-ல் ஜூன் இறுதியில் எதிர்பார்க்கப்பட்ட முடிவு ஜூலை 28-ம் தேதி வெளியானது. வகுப்புகள் ஆகஸ்ட் 29-ல் தொடங்கின. 2025-ல் ஜூலை 4-ம் தேதி முடிவு வெளியாகி, ஆகஸ்ட் 1-ம் தேதி வகுப்புகள் தொடங்கின. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அரசே சான்றாகிவிட்டது.

கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதைச் சுட்டிக்காட்டியுள்ளது. 2024-ல் தேசியத் தேர்வு முகமை நடத்திய 14 தேர்வுகளில் குறைந்தது 5 தேர்வுகள் பெரிய சிக்கல்களைச் சந்தித்தன என்று 2025 டிசம்பரில் அளித்த அறிக்கையில் அக்குழு கூறியது. க்யூட் முடிவு தாமதமானதும் அவற்றில் ஒன்று.

ஒரு தேர்வின் தாமதம் அந்தத் தேர்வோடு நிற்பதில்லை. 2022-ல் நீட் முடிவு தாமதமானதால், தமிழகத்தில் ஆகஸ்ட் 25-ம் தேதி தொடங்க வேண்டிய பொறியியல் பொதுக் கலந்தாய்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. பொறியியல் இடம் பெற்றவர்கள் பின்னர் மருத்துவத்துக்கு மாறினால் இடங்கள் வீணாகும் என்பதே காரணம். க்யூட் தேர்வே வேண்டாம் என்று தமிழக சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தேர்வை வலியுறுத்தும் அரசு அதைக் காலத்தில் நடத்தி முடிக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

தனியார் பல்கலைக்கழகங்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எத்தனை பேர் சேர்வார்கள் என்று தெரியாமல் ஆசிரியர்களையும் விடுதிகளையும் திட்டமிட இயலாது. ஆகஸ்டில் மாணவர்கள் கூட்டமாக வெளியேறினால் அந்த இடங்களை நிரப்புவது கடினம். ஆகவே சிறு தொகையைப் பதிவுக் கட்டணமாகப் பெறுவதில் தவறில்லை. ஆனால், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, மாணவர் விலகும்போது திருப்பித் தராமல் இழுத்தடிப்பது திட்டமிடல் ஆகாது.

விதிகள் இல்லாமல் இல்லை. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள்களுக்கு முன் விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்று யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்தது. அசல் சான்றிதழ்களைப் பறித்து வைப்பதற்கும் தடை விதித்தது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது.

ஆனால் சுற்றறிக்கைக்குப் பல் இல்லை. யுஜிசியின் பெரிய ஆயுதம் மானியத்தை நிறுத்துவது. மானியத்தை நம்பியிராத நிறுவனம் அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? பாதிக்கப்பட்ட பெற்றோர் தில்லிக்குப் புகார் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, பணத்தைக் கைகழுவுவதே மேல் என்று முடிவு செய்துவிடுகிறார்.

இதைச் சட்டமாக்கும் முயற்சியை நாடாளுமன்றம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. கல்வி நிறுவனங்களின் முறைகேடுகளைத் தடுக்கும் மசோதா ஒன்றை அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 2010 மே மாதம் மக்களவையில் அறிமுகப்படுத்தினார். நன்கொடை வசூலுக்குத் தடை, விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருதல், சான்றிதழ்களைப் பிடித்து வைக்கத் தடை ஆகியவை அதில் இருந்தன. நிறைவேறாமலேயே 2014-ல் 15-வது மக்களவையுடன் அது காலாவதியானது. அதை மீண்டும் கையிலெடுக்க எந்தக் கட்சியும் அவசரம் காட்டவில்லை.

நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பலாமா? அமெரிக்காவின் அனுபவம் இல்லை என்கிறது. அங்கு நவம்பரை ஒட்டி விண்ணப்பித்து டிசம்பரிலேயே முடிவு பெறும் முன்கூட்டிய சுற்று உண்டு. பல கல்லூரிகளில் அச்சுற்றில் இடம் கிடைத்தவர் அங்குதான் சேர வேண்டும். வேறு கல்லூரி தரும் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இம்முறை வசதியானவர்களுக்கே சாதகம் என்று கருதி, ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் தங்கள் முன்கூட்டிய சுற்றைக் கைவிடுவதாக அறிவித்தன. போட்டிப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011-ல் இரண்டுமே பழைய வழிக்குத் திரும்பின. ஒருவர் மட்டும் விலகினால் போட்டியில் பின்தங்குவார்; அனைவரையும் கட்டுப்படுத்தும் பொது விதி இருந்தால்தான் மாற்றம் நிலைக்கும்.

அதற்கான வாய்ப்பு இப்போது வந்துள்ளது. யுஜிசிக்கு மாற்றாகப் புதிய அமைப்பை உருவாக்கும் மசோதா 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதிகாரக் குவிப்புக்கு வழிவகுக்கும் என்று அதை எதிர்க்கும் கட்சிகளும், சீர்திருத்தம் என்று ஆதரிக்கும் கட்சிகளும் மாணவர் நலனில் ஒன்றுபட முடியும்.

பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதல் ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும்வரை எந்த நிறுவனமும் முழுக் கட்டணம் கேட்கக் கூடாது. விலகியவரின் பணம் குறித்த நாளுக்குள் வராவிட்டால் வட்டியுடன் தர வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டங்களால் உருவானவை என்பதால், மாநில அரசுகளைக் கலந்தே இதைச் செய்ய வேண்டும். தேர்வு முடிவுக்கான நாளை முன்கூட்டியே அறிவித்து அதைக் காப்பாற்றும் பொறுப்பு மத்திய அரசுக்கும் உண்டு.

இது நடக்காத கோரிக்கை அல்ல. 2022-ல் சிபிஎஸ்இ பிளஸ் 2 முடிவு தாமதமானபோது, அது வெளியான பிறகே சேர்க்கையின் கடைசி நாளை நிர்ணயிக்குமாறு யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அன்று வேண்டுகோளாக இருந்ததைச் சட்டமாக்குவதுதான் மீதமுள்ள வேலை. எங்கே படிப்பது என்பதை மாணவரின் மதிப்பெண்ணும் விருப்பமும் தீர்மானிக்கட்டும். எவ்வளவு பணத்தை இழக்க முடியும் என்ற கணக்கு தீர்மானிக்க வேண்டாம்.