எட்டு விரல் நாயகன்



இது நகைச்சுவைச் சிறப்பிதழ். மௌனப்படக் காலத்துச் சிரிப்பு நடிகர்கள் என்றாலே சாப்ளினில் தொடங்கி சாப்ளினில் முடித்துவிடுகிறோம். சினிமாப் பைத்தியம் சற்று முற்றியவர்கள் பஸ்டர் கீட்டனையும் சேர்ப்பார்கள். ஹெரால்டு லாயிட் என்றால் பலரும் விழிப்பார்கள். உயரமான கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் கண்ணாடிக்காரர் என்றால், "அட, அவரா!" என்பார்கள்.

1893இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தவர் லாயிட். ஆரம்பத்தில் அவரும் சாப்ளினைப் பார்த்து வேஷம் போட்டவர்தான். சாப்ளின் தொளதொள கால்சட்டை போட்டால் இவர் இறுக்கமாகப் போட்டார், அவ்வளவே வித்தியாசம். 1917இல் அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிச் சில்லே இல்லாத ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒட்டு மீசை இல்லை, கிழிந்த கோட்டு இல்லை. ஆபீஸுக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையன் திரையில் வந்து நின்றான். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

1919 ஆகஸ்டில் விளம்பரப் புகைப்படம் ஒன்றுக்காக, குண்டின் திரியில் சிகரெட் பற்றவைப்பதுபோல் நின்றார். பொய்க்குண்டு என்று நினைத்தது நிஜமாகவே வெடித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. கண்பார்வையும் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். குணமானதும் பொய்விரல் வைத்த கையுறையை மாட்டிக்கொண்டு நடிக்க வந்துவிட்டார். கடிகாரத்தில் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்' படம் 1923இல் வந்தது. ஆக, அந்த முள்ளைப் பிடித்திருப்பவை எட்டு விரல்கள்!

இதை அவர் விளம்பரப்படுத்தவில்லை. தெரிந்தால் பார்ப்பவர்கள் பரிதாபப்படுவார்கள், சிரிக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இன்றைக்கென்றால் போஸ்டரிலேயே போட்டிருப்பார்கள்.

கடிகாரக் காட்சியில் தந்திரமும் உண்டு. உயரமான கட்டடங்களின் மொட்டைமாடியில் சுவர் மாதிரி செட் போட்டு, பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸ் தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள். அடியில் மெத்தை போட்ட மேடை இருந்தது. தூரத்துக் காட்சிகளில் வேறு ஆள் ஏறினார். அதனால் என்ன? இப்போது பார்த்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. ஜாக்கி சான் 1983இல் 'ப்ராஜெக்ட் ஏ' படத்தில் மணிக்கூண்டுக் கடிகாரத்தில் தொங்கியதற்கும் இதுதான் மூலம்.

பேசும்படம் வந்த பிறகு லாயிடின் மவுசு குறைந்தது. ஆனால் பணத்துக்குக் குறைவில்லை. தன் படங்களின் உரிமையைத் தானே வைத்திருந்த கெட்டிக்காரர். 1953இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். தொலைக்காட்சிக்குப் படங்களைத் தர மட்டும் மனமில்லை. மலிவாகக் காட்டிக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். அதில் மட்டும் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சாப்ளின் வீட்டுக்கு வீடு வந்தபோது லாயிட் பெட்டிக்குள் கிடந்தார். 1971இல் இறந்தார்.

'சேஃப்டி லாஸ்ட்' படத்துக்கு அமெரிக்காவில் 2019 முதல் காப்புரிமை இல்லை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். விரல் கதையைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் முதலில் சிரித்தார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்