தங்க மலைக்கு 3,000 ஆண்டுக்கு முன்பே வரைபடம்: காப்பாற்ற வேண்டியது எது?

எகிப்தில் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் நடுவே, கிழக்குப் பாலைவனத்தில் இருக்கிறது வாடி ஹம்மாமத். வறண்ட மலைப் பள்ளத்தாக்கு. ‘இந்தக் கல்லுக்காட்டுல என்ன இருக்கப் போகுது?’ என்றுதான் தோன்றும். ஆனால், உலகில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலவியல் வரைபடம் இந்த இடத்தைப் பற்றியதுதான்.

வரைபடத்தில் என்ன இருக்கிறது?

சுமார் கி.மு. 1150-ல், மன்னர் நான்காம் ராம்சேஸ் காலத்தில் பாப்பிரஸ் தாளில் வரையப்பட்டது. இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கம் உள்ள மலைக்கு இளஞ்சிவப்பு, சிலை செய்யும் கல் கிடைக்கும் மலைக்குக் கருநிறம் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கிணறு, தொழிலாளர் வீடுகள், அமுன் கோயில், கடலுக்குப் போகும் வழி எல்லாமே உண்டு. மன்னர் அனுப்பிய கல் எடுக்கும் படைக்காகத் தயாரானது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அந்தப் பயணத்தில் போனவர்கள் 8,000 பேருக்கு மேல். சுமார் 900 பேர் இறந்ததாக அங்குள்ள பாறைக் கல்வெட்டே சொல்கிறது. அதிகாரிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. செத்தவர்களுக்கு வெறும் எண்ணிக்கைதான்.

இப்போது என்ன ஆபத்து?

பெயர் இல்லாத அந்த உழைப்பாளிகளுக்குச் சாட்சி, இடிந்த கல்வீடுகளும் தாது அரைத்த கற்களும் கழிவு மேடுகளும்தான். இதே பகுதியில் உள்ள பீர் உம் ஃபவாகிரில், 5, 6-ம் நூற்றாண்டுச் சுரங்க ஊரின் 200-க்கும் மேற்பட்ட வீடுகளை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோயில், பிரமிடு என்றால் ஓடிவந்து காப்பாற்றுகிறோம். இந்தக் கற்குவியலை யார் கண்டுகொள்வார்கள்?

கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடான சூடானே உதாரணம். ஜபல் மராகாவில் இருந்த சுமார் 2,000 ஆண்டுப் பழமையான தொல்லியல் இடத்தைத் தங்கம் தேடி வந்தவர்கள் இயந்திரங்களை வைத்துத் தோண்டி நாசமாக்கியது 2020-ல் தெரியவந்தது.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்திலும் தங்க வேட்டை மறுபடி சூடு பிடித்திருக்கிறது. சுக்காரி சுரங்கம் பெரிய அளவில் இயங்குகிறது. சுரங்கமே வேண்டாம் என்பது வாதமல்ல. அரசுக்கு வருமானம் வேண்டும், ஜனங்களுக்கு வேலை வேண்டும். ஆனால், உரிமம் கொடுக்கும் முன் அந்த நிலத்தில் உள்ள பழைய தடங்களை முழுசாக வரைந்து, பதிவு செய்தாக வேண்டும். அதற்கான செலவைச் சுரங்க நிறுவனமே ஏற்க வேண்டும்.

முதலில் வரைபடம், அப்புறம்தான் வேலை. ராம்சேஸ் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருந்த ஒழுங்கு இது. தங்கத்தை நாளைக்கும் எடுக்கலாம். இடித்த ஊரை மறுபடி கட்ட முடியாது.