உடற்பருமனும் வசைச்சொல்லும்

ரம்புக்கனையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு மெலிவு பரம்பரைத் துன்பம். பருமனோ பின்னர் வந்து சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். நிறை குறைந்து பிறந்து, போஷாக்கின்றி வளர்ந்த சரீரமானது, பிற்காலத்தில் கோதுமை மா ரொட்டியும் சீனி கலந்த தேத்தண்ணீருமே மலிவான ஆகாரமாகக் கிடைக்கும்போது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்து நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் பல தேசங்களிலும் காட்டியிருக்கின்றன.

இவ்வளவையும் அறியாமல், கிளினிக் வரிசையில் எல்லோர் முன்னிலையிலும் நிறையை உரத்துக் கூறி, “வாயைக் கட்டுங்க, இப்பிடிப் பெருத்தா எப்பிடி?” என்று ஒரு தாயைக் கடிந்துகொள்வது எவ்வளவு பெரிய அநீதி! பொழுது புலருமுன் எழுந்து, மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறியிறங்கிப் பால் வெட்டி, வாளி சுமந்து லயத்துக்குத் திரும்பும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும் அவள் பருத்திருந்தால் அந்தச் சொல்லே அவளுக்கு வாய்க்கிறது. அவமானம் எவரையும் மெலியச் செய்வதில்லை. அவமானப்பட்டவர் அடுத்த மாதம் கிளினிக்குக்கு வராமலே நின்றுவிடுகிறார்.

இழந்த நிறையை மீட்டுக்கொள்ளச் சரீரமே முயல்கிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 36 இளைஞரை ஆறு மாதம் அரைவயிற்றுணவில் வைத்தபோது, அவர்கள் உடல் நிறையில் சுமார் காற்பங்கை இழந்தனர். உடலின் எரிசக்திச் செலவும் வெகுவாகத் தாழ்ந்தது. உணவு மீண்டும் கிடைத்ததும் கொழுப்பு முன்னிருந்ததைக் காட்டிலும் மிகுதியாகத் திரும்பியது. 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் ஆராய்ந்த நூறு நோயாளருள், குறைத்த நிறையை இரண்டாண்டு காத்தவர் இருவரே. மெல்போர்னில் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தோரின் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் ஓராண்டு கழிந்தும் தணியவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இவை வைராக்கியக் குறைவின் விளைவுகள் அல்ல.

நீராவிக் காலத்தில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் செல்லும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினும் பூட்டினார்கள். நிறை குறைத்தவருக்கும் அவ்விதத் துணை, சில மாதங்களுக்கன்று, ஆயுள் பரியந்தம் தேவை.

துணை கிடைத்தால் பயன் உண்டா? நிச்சயமாக உண்டு. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், தீவிர ஆலோசனையும் தொடர்ந்த உதவியும் பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர், எட்டாண்டு சென்ற பின்னும், தொடக்க நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் குறைந்தே இருந்தனர். பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத இச்சிறு குறைவே இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நன்மை செய்கிறது. ஊசியாக ஏற்றப்படும் செமாக்ளூட்டைட் முதலிய புதிய மருந்துகள் இதனினும் அதிகம் குறைக்கின்றன. அவற்றை நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரால் அத்தகைய மருந்தை ஆயுள் முழுவதும் விலைகொடுத்து வாங்க இயலாது.

ஆதலால் வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் நான் வேண்டுவது இதுதான்: நிறையை மறைவில் நிறுத்துச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லுங்கள், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனித்து, சிறு முன்னேற்றத்தையும் வாயாரப் பாராட்டுங்கள், நிறை மீண்டும் ஏறினால் கதவை அடைக்காதீர்கள். தோட்ட நிர்வாகங்கள் பருப்பும் கடலையும் கீரையும் தொழிலாளிக்கு எட்டும் விலையில் கிடைக்க வழிசெய்யட்டும். வீட்டாரும் அயலாரும், கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும், ஒருவரது உடம்பைப் பற்றிப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள்.