ஒரு பாகமும் ஒரு முழமும்: கார்பன் துடுப்பில் எது மரபு?

கிரீன்லாந்தில் துடுப்பு செய்யத் தோதான மரம் வளர்வதில்லை. தெற்கே ஒன்றிரண்டு பள்ளத்தாக்குகளில் குட்டையான பிர்ச் மரங்கள் உண்டு, அவ்வளவுதான். அங்கே கடல்நாய் வேட்டைக்குப் போன இன்யூட் மக்கள் கயாக்கின் சட்டகத்துக்கும் துடுப்புக்கும் கரை ஒதுங்கிய மரத்தையே நம்பியிருந்தார்கள். அதில் பெரும்பங்கு சைபீரியாவின் மரம். யெனிசெய், லேனா போன்ற ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த லார்ச், ஸ்ப்ரூஸ், பைன் கட்டைகள் ஆர்க்டிக் கடலின் பனிப்பாளத்தில் உறைந்து, நீரோட்டத்தோடு சில ஆண்டுகள் நகர்ந்து கிரீன்லாந்தின் கிழக்குக் கரையை அடையும். அங்கிருந்து தென்முனையைச் சுற்றி மேற்குக் கரைக்கும் போகும். பனியில் சிக்காத கட்டை பாதி வழியிலேயே ஊறி மூழ்கிவிடும்.

கிரீன்லாந்து பாணித் துடுப்பைக் கார்பன் இழையில் செய்யலாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் இந்த மரத்தின் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மரம்தான் மரபு, கார்பன் அதற்குத் துரோகம் என்கிறது ஒரு தரப்பு. எடை குறைந்தால் எல்லாமே மேம்பட்டுவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பொருளைப் பற்றியே பேசுகின்றன. அந்தத் துடுப்பை அந்தத் துடுப்பாக்குவது எது என்ற கேள்வி நடுவில் விடுபட்டுப் போகிறது.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். இன்று உலகெங்கும் வாடகைக் கயாக்கில் கொடுக்கும் துடுப்பின் அலகு அகலமானது, நீளம் குறைந்தது. இரண்டு அலகுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று திருகலாக இருக்கும். கிரீன்லாந்துத் துடுப்பில் அலகு நீண்டு ஒடுங்கியது. அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். இரண்டு அலகும் ஒரே தளத்தில் அமையும். நடுவே கை பிடிக்கும் தண்டு குட்டையானது, அரை மீட்டருக்குச் சற்று முன்பின். அதன் குறுக்குவெட்டு வட்டமல்ல. ஓரம் மழுங்கிய செவ்வகம். கண்ணால் பார்க்காமலே அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உள்ளங்கை அறிந்துகொள்வது அதனால்தான்.

அளவுகள் உடம்பிலிருந்து வருகின்றன. மொத்த நீளம், இரு கைகளையும் விரித்து அளக்கும் ஒரு பாகம், அதோடு ஒரு முழம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 216 சென்டிமீட்டர் வரும்; 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இரண்டு மீட்டரைத் தொடாது. தண்டின் நீளத்துக்குத் தோள் அகலம் கணக்கு. அலகின் அகலத்துக்குக் கைதான் கணக்கு: கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரண்டு ஓரங்களையும் வளைத்துப் பிடிக்க முடியவேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு. உடம்பை அளவுகோலாகக் கொள்வது மட்டும் பொது.

அலகின் அகலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மரம் அரிதாக இருந்ததால்தான் அலகு ஒடுங்கிப்போனது என்று பலர் எழுதுகிறார்கள். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். கையால் வளைத்துப் பிடிக்க முடிகிற அலகை எந்த இடத்திலும் பிடிக்கலாம். கயாக் கவிழ்ந்தால் ஒரு கையை அலகின் நுனிக்கு நகர்த்தி, துடுப்பை ஒரு பக்கமாக முழு நீளத்துக்கும் நீட்டி, நீரில் அழுத்தி எழுந்துவிடலாம். குளிர்கடலில், தைத்த தோலாடை படகின் வாயோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும் வேட்டைக்காரருக்கு இது உயிர்ப் பிரச்சினை. புயலுக்கென்று செய்யும் குட்டைத் துடுப்பை ஒவ்வொரு வீச்சுக்கும் கைகளை இடம் மாற்றி நகர்த்தியே வலிப்பார்கள். அலகு ஒரு சென்டிமீட்டர் கூடுதல் அகலமாகிவிட்டால் இந்த வித்தைகளில் பாதி கைநழுவும். பிடி தளரும், விரல் சீக்கிரம் மரத்துப்போகும்.

பொருளைப் பொறுத்தவரை கிரீன்லாந்து மக்கள் என்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை. பனிக்கட்டியில் மோதி மரம் சிதையாதிருக்க அலகின் நுனியிலும் ஓரத்திலும் எலும்போ தந்தமோ பதித்தார்கள். லேசான உடல், கடினமான விளிம்பு என்று இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செய்த துடுப்பு அது. இன்று அங்குள்ள கயாக் கழகங்களின் படகுகள் பல, கடல்நாய்த் தோலுக்குப் பதில் கான்வாஸ் போர்த்தியவை. அவற்றை யாரும் போலிக் கயாக் என்று சொல்வதில்லை.

ஆகவே கார்பனில் செய்வது தவறில்லை. அதில் என்ன நடக்கிறது என்று புரிந்து செய்யவேண்டும்.

கார்பன் துடுப்பு என்பது கெட்டியான கார்பன் கட்டை அல்ல. எபாக்சி பிசினில் ஊறிய இழைத்துணி மெல்லிய தோலாக வெளியே இருக்கும். உள்ளே நுரை இருக்கும், அல்லது வெற்றிடம். துடுப்பு வளைய முயலும்போது ஒரு பக்கத் தோல் இழுபடும், மறுபக்கத் தோல் அமுங்கும். நடுவில் உள்ள நுரை அந்த இரண்டு தோல்களையும் உரிய தூரத்தில் நிறுத்தி வைக்கும். தோலின் கனம் மாறாமல் அந்தத் தூரத்தை மட்டும் இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். தண்டு பருத்தும் அலகின் நுனி மெலிந்தும் இருக்கும் பழைய வடிவம் இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. விசை அதிகம் விழுகிற இடம் தண்டும் அலகின் அடியும்தான். இழையின் திசையும் முக்கியம். நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்கும். 45 டிகிரி சாய்வில் குறுக்கிடும் இழை முறுக்கைத் தாங்கும். பின்னிய உறைபோல விற்கும் கார்பன் துணி இழுத்தால் ஒடுங்கும், தள்ளினால் விரியும். அதனால் தண்டிலிருந்து அலகு வரை சுருக்கமில்லாமல் படியும். வீட்டில் செய்பவர்களுக்கு அதுவே எளிது.

எடையைப் பற்றிப் பேசுபவர்கள் மொத்த எடையை மட்டும் சொல்கிறார்கள். செந்நிற சீடார் மரத்தில் செய்த நல்ல துடுப்பு சுமார் 900 கிராம் இருக்கும். கார்பனில் 700 கிராம் வரும். 200 கிராம் குறைவு பெரிதாகத் தோன்றவில்லை அல்லவா? அந்த 200 கிராம் எங்கே குறைகிறது என்பதே கேள்வி. சுத்தியலை இரும்புத் தலைப்பக்கம் பிடித்து ஆட்டுவதற்கும் காம்பின் நுனியில் பிடித்து ஆட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயும் உண்டு. துடுப்பின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கிராம், கால் மீட்டரில் இருக்கும் ஒரு கிராமைவிடச் சுழற்சிக்கு 16 மடங்கு தடை தரும். ஆகவே நுனியில் 30 கிராமைக் குறைப்பது நடுத்தண்டில் 200 கிராமைக் குறைப்பதைவிடப் பயன் தரும். நுனிக்கு வலுவென்று துணியை அடுக்கடுக்காக ஒட்டிவிட்டு, கார்பன் என்ற பெயருக்காக மகிழ்வதில் பொருளில்லை.

மிதக்கும் தன்மை யாரும் பேசாத ஆதாயம். 900 கிராம் சீடார் துடுப்பின் கன அளவு சுமார் 2.4 லிட்டர். முழுக்க நீருக்குள் அழுத்தினால் அது ஒன்றரைக் கிலோ விசையோடு மேலே தள்ளும். அதே வடிவத்தில் 700 கிராம் கார்பன் துடுப்பு 1.7 கிலோவோடு தள்ளும். கவிழ்ந்தவர் எழும்போது இது கைகொடுக்கும். எடையை இன்னும் குறைக்க அலகைத் தட்டையாக மெலித்தால் கன அளவு போய்விடும், இந்த ஆதாயமும் போய்விடும். உள்ளே வெற்றிடமாக விட்டால் ஒரு நூலளவு கீறல் போதும், துடுப்பு தண்ணீர் குடித்துவிடும். நுரை நிரப்பியதே நம்பகமானது என்பேன்.

செய்யத் துணிபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் போடும் நீலநிற அல்லது இளஞ்சிவப்பு நுரைப்பலகை உள்ளீட்டுக்கு நல்லது. ஆனால் அதன்மேல் பாலியஸ்டர் பிசினைத் தடவினால் அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது. அது தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது என்பதால் கையுறை கட்டாயம். இறுகிய கார்பனை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகமூடி போட்டு, நீர் விட்டுத் தேய்க்கவேண்டும். இரண்டு துண்டாகக் கழற்றும் துடுப்பு வேண்டுமென்றால் இணைப்புக் குழாயும் கார்பனிலோ கண்ணாடி இழையிலோ இருக்கட்டும். அலுமினியமும் கார்பனும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி பலவும் 50, 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்குபவை. கிரீன்லாந்தில் அது கவலையில்லை. சென்னையின் மே மாத வெயிலில் மணலில் கிடக்கும் கறுப்புத் துடுப்பு அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். சூட்டுக்கு நிழலும், வெயிலின் புற ஊதாக் கதிருக்கு அதைத் தடுக்கும் வார்னிஷும் தேவை.

கார்பனுக்கு உள்ள குறையையும் மறைக்கக் கூடாது. மரம் முறியும் முன் முனகும், கீறல் கண்ணில் படும், ஒட்டிச் சரிசெய்யலாம். கார்பன் தோல் பாறையில் இடித்த இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாமல் அடுக்குகள் பிரிந்திருக்கும், பிறகொரு நாள் திடீரென்று ஒடியும். அதன் அதிக விறைப்பால் ஒவ்வொரு வீச்சின் அதிர்ச்சியும் நேராகத் தோள்மூட்டுக்குப் போகும். சீடார் சிறிது வளைந்துகொடுத்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தோள்வலி உள்ளவர்கள் கார்பனோடு கண்ணாடி இழையைக் கலந்து செய்வது நல்லது. நெடுந்தொலைவு போகிறவர்கள் மரத்தில் செய்த குட்டைத் துடுப்பு ஒன்றைப் படகின் மேல்தளத்தில் கட்டிக்கொண்டு போகட்டும்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தொழிற்சாலை ஓர் அச்சு செய்தால் அதில் ஆயிரம் துடுப்பு எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் கடைக்கு வருபவை சில குறிப்பிட்ட நீளங்களிலும் ஒன்றிரண்டு அகலங்களிலும் மட்டுமே வருகின்றன. சிறிய கை உள்ள பெண்ணுக்கும் பெரிய கை உள்ள ஆணுக்கும் ஒரே அலகு கிடைக்கிறது. மரபு என்று எதையாவது காப்பாற்றவேண்டுமென்றால் உடம்புக்கு அளந்து செய்யும் இந்த வழக்கத்தைத்தான் காப்பாற்றவேண்டும். கார்பனில் இது மரத்தைவிடக் கடினம். மரத் துடுப்பை ஒரு நாள் வலித்துப் பார்த்துவிட்டு, தண்டின் ஓரம் உறுத்தினால் இழைப்புளியால் ஓர் இழை எடுக்கலாம். இறுகிய கார்பனைத் தேய்த்தால் சுமை தாங்கும் இழையே அறுபடும்.

ஆகவே லேசான துடுப்பை விரும்புகிறவர்கள் முதலில் மரத்தில் ஒன்று செய்யுங்கள். ஒரு பருவம் முழுக்க அதை வலித்து, கைக்கு ஒத்துவரும்வரை இழைத்துத் திருத்துங்கள். அதன் நீளத்தையும், தண்டின் நீளத்தையும் கனத்தையும், அலகின் அகலத்தையும் குறித்துக்கொண்டு, அந்த அளவிலேயே நுரையைச் செதுக்கிக் கார்பன் போர்த்துங்கள். கடையில் வாங்குவதானால் விற்பவரிடம் எத்தனை கிராம் என்று கேட்பதற்கு முன், அலகின் அகலம் எவ்வளவு, தண்டு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். உங்கள் கைக்கும் தோளுக்கும் அது பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.