வெள்ளையடிக்கப்பட்ட திருடன்

2012இல் ஜார்ஜ்டவுன் ஆர்மினியன் சாலையில் லித்துவேனியக் கலைஞர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் சிறார்களோடு படம் எடுக்க இன்றும் கூட்டம் நிற்கிறது. அவரே 2013இல் ஜொகூர் பாருவில் ஒரு லெகோ பொம்மைப் பெண்ணை வரைந்தார். கையில் விலையுயர்ந்த பை; சுவரின் மறுபக்கம் கத்தியோடு திருடன். நகரின் பெயர் கெடுகிறது என்று நவம்பரில் மாநகர் மன்றம் வெள்ளையடித்துவிட்டது. சுவரை மறைத்தால் வழிப்பறி குறைந்துவிடுமா? அதற்குள் படம் இணையமெங்கும் பரவியிருந்தது. அழிக்கப்போய்தான் நாடே அதைப் பார்த்தது.

பூ, பறவை, தே தாரிக் ஆற்றும் அண்ணன் என்றால் எந்த மன்றமும் அனுமதிக்கும். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் காப்பார் கடைவரிசைச் சுவரில் நம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை வரைய ஒருவர் அனுமதி கேட்டால், கிடைக்குமா?