வாத்தியார் வீட்டு மாடக்குழி

அய்யலூரில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் அப்பா பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வாத்தியார் வீடா? நேராப் போயி வேப்பமரத்துக்கிட்ட திரும்புங்க" என்பார்கள். அந்த வாத்தியார் இறந்து இருபது வருடம் ஆகிறது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. ஆனாலும் ஊருக்கு அது வாத்தியார் வீடுதான்.

போன வாரம் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் சொந்தக் கதை. ஓட்டு வீடு ஒன்றை வாங்கி, கெடுத்து, பிறகு சரிசெய்த கதை.

அப்பா திண்டுக்கல் - திருச்சி ரூட்டில் பல வருடம் ஓடியவர். வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடிவதற்கு முன்பே பஸ்ஸில் இடம் இருக்காது. வண்டிக் கருப்பணசாமி கோயிலில் லாரி டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "இந்த ஊர்லதான் கடைசியா இறங்கணும்னு நெனைச்சேன்" என்று அப்பா சொன்னபோது நாங்கள் சிரித்தோம். ரிட்டையர் ஆன பணத்தில் வீடு பார்த்தே விட்டார். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே சீமை ஓடு, முன்னால் திண்ணை.

அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், "இடிச்சிட்டு தார்சு போடலாம்." நான் வாங்கவே வேண்டாம் என்றேன். காரணம் என் வேலை. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு ஐப்பசி வந்தால் ஒரு தலைப்பு கையிலேயே இருக்கும்: 'மழையில் சுவர் இடிந்து...'. ஊர் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அது வீட்டுச் சுவர்கூட இல்லை, பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர். அந்தச் செய்தியைப் படித்தவளுக்குக் கல்லு மண் சுவருக்குக் கீழே அப்பா, அம்மா படுத்துத் தூங்குவதை யோசிக்க முடியவில்லை.

அப்பா கேட்கவில்லை. போன வருடம் சித்திரையில் முன்பணம் கொடுத்துவிட்டார்.

சுவருக்கு முன்னால் காகிதம் இடித்தது. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்றிதழ் பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். யாருக்கு உரிமை இருக்கிறது என்பதை முழுதாகச் சொல்லாது. 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டாவைப் பார்த்தால் நத்தம் நிலம், இன்னும் வாத்தியார் பெயரிலேயே இருந்தது. அப்படியென்றால் வாரிசு சான்றிதழ் வேண்டும். அதை வாங்கிப் பார்த்தபோதுதான், விற்கிற மகனைத் தவிர ஒரு மகளும் இருப்பது தெரிந்தது. அண்ணனுக்கு ஐந்து வயது இளையவர், கட்டிக்கொடுத்தது கரூர்ப் பக்கம்.

"அதுக்கு அப்பவே நகை நட்டு எல்லாம் போட்டாச்சு. கணக்கு முடிஞ்சது" என்றார் விற்பவர்.

கணக்கு முடியவில்லை. இதை நிறையக் குடும்பங்களில் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து எல்லா மகள்களையும் சேர்த்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. ஆனால் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் இந்த வருடங்களுக்கெல்லாம் வேலையே இல்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. நகை போட்டது அதைக் கழிக்காது. வாத்தியார் சம்பளத்தில் வாங்கிய வீடு அது.

அப்பா ஒரே வார்த்தை சொன்னார், "அந்தம்மா கையெழுத்து இல்லாம எனக்கு வேணாம்." இரண்டு மாதம் இழுத்தது. அண்ணன் தங்கைக்குள் என்ன பேசினார்கள், எவ்வளவு கைமாறியது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆவணியில் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மகனோடு வந்து இறங்கினார். எழுபதை நெருங்கும் வயது. கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் வந்தார். "நடு அறையில ஒரு மாடக்குழி இருக்கும்த்தா. எங்கம்மா அதுலதான் வெளக்கு வைக்கும். அதை மட்டும் அடைச்சிராதீக."

அப்பாதான் முந்திக்கொண்டு "அடைக்க மாட்டோம்க்கா" என்றார்.

அம்மா பெயரில் பதிந்ததில் ஒரு லாபம் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதத்துக்குப் பதில் 1 சதவிகிதம்தான். 7 சதவிகித முத்திரைத் தீர்வை அப்படியேதான். மிச்சமான அந்தப் பணம் அடுத்த மாதமே சுவரில் கரைந்தது.

எப்படியென்றால், பால் காய்ச்சிய கையோடு ஒரு கொத்தனாரைப் பிடித்தோம். நடு அறையில் இடுப்புயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தது. "ஓதம் அடிச்சிருக்கு. கொத்தி எடுத்துட்டு சிமென்ட் பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்றார். மூன்று நாள் வேலை. மூன்றாவது நாள் அப்பா பட்டா மாற்றத்துக்காகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் பளபளவென்று சமமாக இருக்கிறது. மாடக்குழி இருந்த இடமே தெரியவில்லை. "டிவி மாட்டத் தோதா இருக்கும்னு அடைச்சுட்டேன், அக்காதான் சரின்னாங்க" என்றார் கொத்தனார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்பா அன்றிரவு சாப்பிடாமல் படுத்ததாகத் தம்பி போனில் சொன்னான்.

ஐப்பசி மழை தொடங்கியதும் புதுச் சுவர் வீங்கியது. முதலில் வெள்ளையாக உப்பு பூத்தது, பிறகு கை வைத்தால் தட்டுத் தட்டாக விழுந்தது. பழைய பூச்சில் இடுப்பளவு இருந்த ஓதம் இப்போது தோளளவு ஏறியிருந்தது. கொத்தனாரின் கை வேலையில் குறை இல்லை; சுவருக்குச் சிமென்ட் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பழைய வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் அது ஆவியாக வெளியே போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. போக்கிடம் இல்லாத ஈரம் மேலே ஏறி, உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இந்தியாவில் சிமென்ட் ஆலை முறையாக ஓட ஆரம்பித்ததே 1914 வாக்கில் போர்பந்தரில்தான். அதற்கு முன்னால் இருந்த வீடுகளெல்லாம் சிமென்டைப் பார்க்காமலே நின்றவை.

அந்த மழைக்காலத்தில் வேறு எதையும் தொட வேண்டாம் என்று முடிவானது. எங்கள் வீட்டில் எடுத்த ஒரே நல்ல முடிவு என்று இதைத்தான் சொல்வேன். நாங்கள் திண்டுக்கல் வாடகை வீட்டிலேயே இருக்க, அப்பா மட்டும் அய்யலூரில் வாளிகளோடு படுத்தார். எங்கே ஒழுகுகிறது, எப்படிப்பட்ட மழைக்கு ஒழுகுகிறது என்று பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார். சாரலுக்கு ஒழுகும் இடம் வேறு, கொட்டும் மழைக்கு ஒழுகும் இடம் வேறு. கடைசியில் பார்த்தால் ஒன்பது இடங்களில் ஆறு, முகட்டு ஓட்டின் இணைப்பில் காரை போனதால் வந்தவை. ஒட்டுமொத்தக் கூரையையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்தவர்களும் உண்டு. மாற்றியது உடைந்த ஓடுகளையும் கரையான் அரித்த இரண்டு கைமரங்களையும் மட்டும்தான்.

ஓட்டைக் கழற்றும்போது சிலவற்றின் பின்பக்கம் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று இருந்தது. அப்பா தெருவையே கூட்டிவிட்டார், "நூத்தி அறுபது வருச ஓடு!" நான்தான் தேடிப் பார்த்து அவர் சந்தோஷத்தைக் கெடுத்தேன். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் 1865. அதைத் தங்கள் முத்திரையாகவே பிறகு வந்த ஓடுகளிலும் பதித்தார்கள். எங்கள் ஓடு எந்த வருடத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அப்பா இன்னும் விருந்தாளிகளிடம் 1865 என்றுதான் சொல்கிறார்.

ராத்திரியில் கூரை மேல் ஏதோ நடக்கிறது என்று ஒருநாள் போன் செய்தார். அய்யலூர் மலையில் தேவாங்கு உண்டு. 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளைச் சேர்த்து 11,806 ஹெக்டேரை அறிவித்தார்கள். அப்பாவுக்குத் தன் வீட்டுக்கே தேவாங்கு வந்துவிட்டதாக நினைப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் மரநாய். ஓட்டை ஒதுக்கி உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஒழுகலுக்கு அதுதான் காரணம்.

தையில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். செட்டிநாட்டு வீடுகளால் அங்கே அந்தக் கைவேலை இன்னும் அழியவில்லை. முதல் பத்து நாள் அவர் சுவரையே தொடவில்லை. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டார், அது கொதித்தது. "கிட்ட வராதீங்க பாப்பா, கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்." கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊறிப் புளித்த வாடை தெரு முழுக்க அடித்தது. சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, மெல்லிய பூச்சாக ஒன்றின் மேல் ஒன்று பூசி, தினமும் தண்ணீர் தெளித்தார். சிமென்ட் மூன்று நாளில் முடிந்த இடத்தில் இது ஒன்றரை மாதம் பிடித்தது. கூலியும் கூடத்தான்.

எனக்கிருந்த பயத்தை அவரிடம் சொன்னேன். வடக்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. சிரிக்கவில்லை அவர். சின்னக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதினார். "சுவர் நகந்தா கண்ணாடி ஒடஞ்சிரும். ஒடஞ்சா இஞ்சினியரக் கூப்பிடுங்க, அந்த அறையில படுக்காதீங்க." நாங்கள் உடையும் வரை காத்திருக்காமல் இஞ்சினியரையும் ஒருமுறை கூட்டிவந்து காட்டினோம். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளிப் போக வாய்க்கால் வெட்டச் சொன்னார், வெட்டியாயிற்று. கண்ணாடி இதுவரை உடையவில்லை. ஊருக்குப் போனால் செருப்பைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. மரச்சட்டத்தில் ஓடிய பழைய வயர், எர்த்தே கிடையாது. முழுதும் மாற்றினோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஈரச் சுவர் உள்ள வீட்டில் டைல்ஸை விட அதுதான் முக்கியம். கதவுக்குப் பூட்டு வாங்க நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பழைய நிலைக்கதவின் பூட்டைக் கழுவி எண்ணெய் விட்டதும் அதுவே திறந்துகொண்டது.

மாடக்குழியை விட்டுவிட்டேனே. சிமென்டைக் கொத்தும்போது அடைத்திருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார் பெரியவர். உள்ளே மேல் வளைவில் புகைக்கரி அப்படியே இருந்தது. "இதுக்கும் சுண்ணாம்பு அடிச்சிரலாமா?" என்று கேட்டார். அம்மாதான் "வேணாம், இருக்கட்டும்" என்றார். தார்சு போட வேண்டும் என்ற அதே அம்மா.

பங்குனியில் வாத்தியார் மகள் வந்தார். ஊரில் வேறு விசேஷம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனார். மாடக்குழிக்குள் கையை விட்டு மேலே தடவி, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அதை நாங்கள் சில மாதம் அடைத்து வைத்திருந்த கதையை யாரும் சொல்லவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

"டிவிய எங்கத்தா வைப்பீக?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் வச்சிருக்கேன் மதினி. சீரியல் நேரத்துக்கு வாங்க."

அடுப்படிப் பின்சுவரில் மட்டும் பழைய சிமென்ட் இன்னும் இருக்கிறது. காசு அதோடு தீர்ந்துவிட்டது. அந்தச் சுவருக்காகப் பெரியவரை அடுத்த தைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதற்குள் ஒரு ஐப்பசி வரும். காலண்டர் தாள்களை அப்பா கிழித்துச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.