முடுமலின் சிறு கற்கள்

தெலங்கானாவின் நாராயணப்பேட்டை மாவட்டத்தில், கிருஷ்ணை ஆற்றை ஒட்டிய முடுமல் கிராமத்தில் நிற்கும் குத்துக்கற்கள், அதாவது பெருங்கற்கால மக்கள் நிலத்தில் செங்குத்தாக நட்டுவைத்தவையும் தொல்லியலாளர் நெடுங்கல் என வழங்குபவையுமான கற்கள், 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் பழமை உடையனவாகக் கருதப்படும் இவற்றுள் 10 முதல் 14 அடி வரை உயர்ந்து நிற்பவை 80 அளவில் உள்ளன. ஒன்றை ஊர்மக்கள் எல்லம்மா என வழிபடுவதால் அதற்கு எந்த வேலியும் தேவைப்படவில்லை.

கவலைக்குரியவை ஓரிரு அடி உயரமே உள்ள சிறு கற்களே. வரிசை வரிசையாக நடப்பட்ட இவை சூரியன் உதிக்கும், மறையும் திசைகளைப் பருவந்தோறும் குறித்தன என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வாறாயின் ஒரு கல்லின் பொருள் அது நிற்கும் இடத்திலேயே அடங்கியுள்ளது. வரப்புக்கோ சுவருக்கோ பெயர்க்கப்பட்ட கல்லை மீட்டு அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அந்த வரிசை மீளாது.

பிரான்சின் கர்னாக் இதற்குக் கசப்பான சான்று. ஏறத்தாழ 3,000 நெடுங்கற்களால் புகழ்பெற்ற அவ்வூரில், சட்டப் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருந்த ஒரு மனையில், முறையான கட்டட அனுமதியுடனேயே 39 சிறு கற்கள் அகற்றப்பட்ட செய்தி 2023-இல் வெளியாயிற்று. அவை உண்மையில் தொல்பழங்காலத்தவைதாமா என்னும் ஐயமும் பின்னர் எழுந்தது. ஆனால் நின்ற நிலையில் வைத்து ஆராய்வதற்குக் கற்களே எஞ்சவில்லை. கர்னாக்கின் எஞ்சிய கற்கள் 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

தற்காலிகப் பட்டியல் என்பது பிற்காலப் பரிந்துரைக்கான முன்பதிவு மட்டுமே. அது தன்னளவில் எந்தச் சட்டக் காவலையும் தருவதில்லை. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், தான் காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடுப்பதும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்துவதும் நல்ல ஏற்பாடே; ஆயினும் அந்த 100 மீட்டரை எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்பது முடிவாக வேண்டும். உயர்ந்த கற்களிலிருந்து மட்டும் அளந்தால் ஓரத்து வரிசைகள் கைவிடப்படும். ஆகவே பரிந்துரைக் கோப்பு யுனெஸ்கோவுக்குச் செல்லும் முன்பே, சாய்ந்து கிடப்பவை உட்பட ஒவ்வொரு கல்லும் எண்ணிடப்பட்டு, புல எண்ணுடன் கிராம நில ஆவணத்தில் ஏற வேண்டும்; உழுநிலத்தை இழக்கும் உழவருக்கு அதே வேளையில் உரிய இழப்பீடும் வழங்கப்பட வேண்டும்.